குழந்தையின் பக்கத்தில் யார்?

“நானோ நாலாம் வகுப்போடு நின்றவன். கைப்பேசியிலே டீச்சர் நடத்தும் பாடத்துக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?” என்று உழைக்கும் தோழர்கள் பலர் கேட்கக் கேட்டிருக்கிறோம். கேள்வியிலே பணிவு இருக்கிறது, பயமும் இருக்கிறது. பணிவை மதிக்கிறோம். பயத்தை மறுக்கிறோம்!

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டிய பள்ளிக் கதவு, தமிழகத்தில் 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தது. 19 மாதங்களுக்கு மேல்! ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய குழந்தை, பள்ளிப் படியை மிதிக்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போயிற்று. மாளிகையிலே மடிக்கணினி, தனியறை, கேட்டால் சொல்லித்தர ஆள். குடிசையிலே? ஒரே ஒரு கைப்பேசி; அதுவும் காலை ஷிப்டுக்கு அப்பாவின் சட்டைப்பையில் ஏறி ஆலைக்குப் போய்விட்டது. பாடம் பத்து மணிக்கு. பாடம் வரும் கருவியோ தறிக்குப் பக்கத்திலே! பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும், சுவரையா?

அந்தக் காலம் போயே போயிற்று என்று சொல்லிவிட முடியாது. 2024 நவம்பரில் டில்லியிலே காற்று நஞ்சானபோது, 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வீட்டிலிருந்தே இணையவழியில் படிக்கச் சொன்னார்கள். இங்கும் மழைக்கு விடுமுறை விட்ட நாளில் வாட்ஸ்அப் குழுவிலே பாடம் வந்து விழும் வீடுகள் உண்டு. நாளை எந்த நோய் வருமோ, எந்த வெள்ளம் வருமோ, யார் கண்டார்கள்?

ஆறு வயதுக் குழந்தைக்குப் பள்ளி என்பது பாடம் மட்டுமா? விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கும் ஆசிரியையின் கை. பக்கத்துப் பிள்ளையின் தோள். மணி அடித்ததும் எடுக்கும் ஓட்டம். திரையிலே கை இல்லை, தோள் இல்லை, ஓட்டமும் இல்லை. சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் முப்பது முகங்கள்! “இங்கே பார்” என்கிறார் ஆசிரியை. எங்கே பார்ப்பது என்று குழந்தைக்குப் புரியவில்லை. அழுகிறது, எழுந்து ஓடுகிறது, கட்டிலுக்கடியில் ஒளிகிறது. உடனே கை ஓங்குகிறார் தகப்பனார்: “காசு கொடுத்து டேட்டா போட்டது இதற்கா?”

பொறுங்கள், தோழரே! மத்திய அரசே 2020 ஜூலையில் ‘பிரக்யதா’ என்ற பெயரில் வழிகாட்டி வெளியிட்டது. மழலை வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் பெற்றோரிடம் பேசி வழிகாட்டுவதற்கு என்றது. 1 முதல் 8 வரை, 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டே போதும் என்றது. பெரியவர்கள் கூடிப் பேசி வகுத்த அளவு இது. உங்கள் பிள்ளை மூன்று மணி நேரம் சிலைபோல் உட்காரவில்லை என்றால் குற்றம் பிள்ளையுடையதா?

சரி, செய்யக்கூடியது என்ன? பாடத்துக்கு முன்னே முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றி, பள்ளிக்குப் போவதுபோலவே புறப்படச் செய்யுங்கள். தினமும் ஒரே மூலை, ஒரே பாய். தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி உட்காரட்டும். கைப்பேசியைப் பிஞ்சுக் கையில் கொடுக்காதீர்கள். அரிசி டப்பாவில் சாய்த்து, கண்ணுக்கு நேரே வையுங்கள். கணக்குப் பாடமா? ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். ஐந்தும் மூன்றும் எட்டு என்பது திரையிலே தெரிவதைவிட விரல் நுனியிலே நன்றாகத் தெரியும். நடுவிலே அழுதால் அன்றைக்கு அணைத்துவிடுங்கள். மறுநாள் பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

பாடம் முடிந்ததும், “டீச்சர் என்ன சொன்னாங்க? எனக்குத் தெரியாதே, நீ சொல்லிக்கொடு கண்ணு” என்று கேளுங்கள். அப்பாவுக்கே ஆசிரியராகிவிட்ட பெருமையிலே அந்த முகம் மலர்வதைப் பாருங்கள்! நாலாம் வகுப்போடு நின்றவர் இதற்கு உதவமாட்டாரா? பட்டம் பெற்றவரைவிட நன்றாகவே உதவுவார். படித்த பெற்றோர் சிலர் பின்னாலிருந்து விடையைக் கிசுகிசுக்கிறார்கள். அந்தக் கிசுகிசுப்பு ஆசிரியைக்கும் கேட்கிறது என்பதுதான் வேடிக்கை!

“அதெல்லாம் வீட்டுக்காரி வேலை” என்பவருக்கு ஒரு வார்த்தை. பீடி சுற்றி, தண்ணீர் தூக்கி, உலை வைத்து ஓய்ந்த அந்த அம்மாவுக்கு இன்னொரு ஷிப்டா? முறை போட்டு உட்காருங்கள். இன்னொன்று: அண்ணனுக்குக் கைப்பேசி, தங்கைக்கு இடுப்பிலே கைக்குழந்தை என்ற பங்கீடு எந்த வீட்டில் நடந்தாலும் அது அநீதி. பெண்ணின் பாட நேரம் முடியும்வரை பாத்திரம் காத்திருக்கட்டும்.

கைப்பேசி வேலைக்குப் போகும் வீடா? வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்லி, மாலையில் பார்க்கும்படி பாடத்தை அனுப்பச் சொல்லுங்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பள்ளிகள் மூடிக்கிடந்த நாளில் டேட்டா இல்லாமலே வீட்டுக்குள் பாடம் கொண்டுவந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யிலே, தன்னார்வலர்கள் மாலைதோறும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை அருகிலே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அத்தனை நாள் திரை பார்த்த பிள்ளைக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது பக்கத்திலே ஓர் ஆள்!

ஊர்தோறும் நம் தோழர்கள் நடத்தும் படிப்பகங்கள் இருக்கின்றனவே! காலையில் ஏடு படித்து முடித்தபின் பகலெல்லாம் பெஞ்சு காலியாகத்தானே கிடக்கிறது? அடுத்த மழை விடுமுறைக்கு அங்கே ஒரு கைப்பேசி, ஒரு சார்ஜர், நாலு சிலேட்டு, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், இவ்வளவும் தயாராக இருக்கட்டும். ஏடு படிக்க வருவோர் ஒன்பதரைக்குள் படித்துவிட்டு எழுந்துகொள்ளுங்கள். அரசியல் விவாதத்தை மாலைக்கு ஒத்திவையுங்கள். பத்து மணிக்கு அந்தப் பெஞ்சு குழந்தைகளுக்கு வேண்டும்.