கட்டவிழ்க்கும் கரங்கள்

தீய பழக்கமொன்றுக்கு அடிமைப்பட்டவர் போதகரை நாடி வரும்போது நாம் பெரும்பாலும் செய்வன மூன்று: அறிவுரை கூறுகிறோம், அவருக்காக ஜெபிக்கிறோம், இனி அதைத் தொடேன் என்று வாக்குறுதி பெறுகிறோம். இம்மூன்றும் வேண்டியவையே. ஆயினும் இவை மட்டும் போதுமா என்பதை ஆயர் பணியில் ஈடுபட்டுள்ள நாம் நேர்மையுடன் ஆராய வேண்டும்.

நாம் ஊழியம் தொடங்கிய காலத்தில் ஒரு கிராமச் சபையில் குடிப்பழக்கமுள்ள ஒருவர் இருந்தார். லெந்து நாட்களில் கண்ணீரோடு பொருத்தனை செய்தார். ஈஸ்டர் கழிந்ததும் மீண்டும் விழுந்தார். மறு ஆண்டும் அவ்வாறே நிகழவே, அவரைத் திருவிருந்தினின்று விலக்கினோம். அவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அவரது அடக்க ஆராதனையை நாமே நடத்தினோம். அவருக்கு எத்தனை முறை புத்தி சொன்னோம் என்பது நமக்கு நினைவிருந்தது. கூலி பெற்றுத் திரும்பும் சனிக்கிழமை மாலைகளில் அவரோடு யார் நடந்து வந்தார்கள் என்று ஒருமுறையேனும் நாம் கேட்டதில்லை.

யோவான் 11ஆம் அதிகாரத்தில் லாசருவை உயிர்ப்பித்தவர் ஆண்டவர் ஒருவரே. எனினும் கல்லறையின் கல்லை அகற்றுவதையும், வெளியே வந்தவனின் கட்டுகளை அவிழ்ப்பதையும் சூழ நின்றோரிடமே அவர் ஒப்புவித்தார். உயிர் பெற்ற பின்னும் லாசருவின் கைகால்கள் கட்டுண்டே இருந்தன. மனந்திரும்பியவனும் பழக்கத்தின் கட்டை அவிழ்க்கப் பிறர் கரங்களை நாட வேண்டியிருக்கிறது என்பதை இக்காட்சி நமக்கு நினைப்பூட்டுகிறது.

திருச்சபை வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1742ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்தர் தங்கள் கூடத்தின் கடனை அடைக்க ஒரு வழி வகுத்தனர். ஏறக்குறைய பன்னிருவர் கொண்ட சிறு வகுப்புகளாக மக்களைப் பிரித்து, வகுப்புத் தலைவர் வாரந்தோறும் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிப்பது என்பதே அத்திட்டம். காசு பெற வீடு வீடாகச் சென்ற தலைவர்கள், ஒருவர் மனைவியோடு சண்டையிடுவதையும் மற்றொருவர் குடித்திருப்பதையும் கண்டு வந்து சொன்னார்கள். ஜான் வெஸ்லி உடனே உணர்ந்தார்: இத்தனை காலம் தாம் தேடிய ஆயர் பராமரிப்பு இதுவே. பின்னர் வகுப்பினர் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடி ஒருவர் நிலையை ஒருவர் கேட்டறியலாயினர். பணம் திரட்ட எழுந்த ஏற்பாடு ஆத்துமாக்களைக் காக்கும் ஏற்பாடாயிற்று.

இரண்டாவது சான்று 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிகழ்ந்தது. குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்த பில் வில்சன், தொழில் முயற்சி தோல்வியுற்றுத் தனியே ஒரு ஹோட்டலில் நின்றார். மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சி, திருச்சபைகளின் பட்டியலைப் பார்த்து வால்டர் டங்க்ஸ் என்ற குருவானவரைத் தொலைபேசியில் அழைத்தார். அக்குருவானவர் சில பெயர்களைக் கொடுத்தார். அதன் வழியே பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். மருத்துவரோ இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கிறிஸ்தவக் குழுவொன்றில் அமர்ந்திருந்தும் குடியை விடாதவர். கால் மணி நேரம் பேசச் சம்மதித்தவர் பல மணி நேரம் பேசினார். ஒருமுறை மறுபடியும் விழுந்து எழுந்த அவர், அவ்வாண்டு ஜூன் 10க்குப் பின் குடிக்கவில்லை. அந்நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தோழமையின் தொடக்க நாளாகக் கொள்கின்றனர். 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளைச் சீர்தூக்கி, இத்தோழமையோடு மக்களை முறைப்படி இணைக்கும் சிகிச்சை, குடியை அறவே விட்டிருப்பதற்குப் பிற சிகிச்சை முறைகளைவிட மிகுதியாக உதவுகிறது என்று கண்டது.

இங்கே போதகர் கவனிக்க வேண்டியவை இரண்டு. பில் வில்சன் பிறரை மீட்கும் உபகாரியாக அல்ல, தாம் விழாதிருக்கத் துணை தேடியவராகவே சென்றார். உதவியவரும் உதவி பெற்றார். அந்தக் குருவானவரோ பிரசங்கம் செய்யவில்லை; மனிதரை மனிதரிடம் சேர்க்கும் வழியைக் காட்டினார்.

அப்படியானால் தனிமனிதப் பொறுப்பு எங்கே என்று மாணவர் வினவலாம். கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தின் 2ஆம் 5ஆம் வசனங்களில் நம் பழைய தமிழ்த் திருப்புதல் 'பாரம்' என்ற ஒரே சொல்லை வழங்குகிறது. கிரேக்க மூலத்திலோ சொற்கள் இரண்டு. முன்னது 'பாரோஸ்', அழுத்தும் பளு. பின்னது 'ஃபோர்ட்டியோன்', அவனவன் தூக்கிச் செல்லும் சுமை. இன்று குடிக்கமாட்டேன் என்னும் தீர்மானம் அவனவன் சுமை. அதை வேறெவரும் சுமக்க இயலாது. அத்தீர்மானத்தை நசுக்கும் தனிமையும் வெட்கமும் நாம் பகிர வேண்டிய பளு.

நடைமுறையில் செய்யத்தக்கன சில. நான்கைந்து பேர் வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த வேளையில் கூடட்டும். ஒவ்வொருவரும் தம் குறையையே பேசட்டும், போதகரும் விலக்கல்லர். கேட்டதை வெளியே சொல்லலாகாது. உற்றார் உறவினர் நிறைந்த ஊரில் வாய்திறக்க அஞ்சுவோர்க்கு அடுத்த சேகரத்தில் இடம் தேடிக் கொடுக்கலாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரக்கூடும். ஆகையால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கடமை. குடும்பத்தாரின் காயங்களையும் மறத்தலாகாது. மீண்டும் விழுந்தவரை அவ்வாரமே தேடிச் செல்ல வேண்டும். அவராக வரட்டும் என்று காத்திருந்தால் வெட்கம் அவரை நமக்கு முந்திப் பிடித்துக்கொள்ளும்.

அருட்பணிக்கு ஆயத்தமாகும் மாணவரே, உம்மிடம் ஒருவர் கண்ணீரோடு வாக்குறுதி அளிக்கும் நாள் வரும். அவருக்காக ஜெபியும். ஜெபித்து முடித்ததும், வரும் சனிக்கிழமை மாலை அவரோடு இருக்கப்போவது யார் என்று கேளும். எவருமில்லை என்பது பதிலானால், உமது வேலை அங்கேதான் தொடங்குகிறது.