கம்போங் சிறுவனும் தோட்டச் சிறுவனும்: படக்கதையின் தொலைக்காட்சி வடிவமும் வாசகர் பற்றும்

மக்களால் விரும்பிப் படிக்கப்பட்ட படக்கதையொன்று தொலைக்காட்சித் தொடராக உருப்பெறும்பொழுது அதன் பழைய வாசகர்கள் மகிழ்வதைக் காட்டிலும் ஐயுறுவதே மிகுதி. ‘குரல் அப்படி இராது’, ‘வீடு அப்படி இராது’, ‘அவன் அவ்வாறு பேசமாட்டான்’ என்பன அவர்கள் கூறும் குறைகள். இக்குறைகளைப் பழமை விரும்பிகளின் முணுமுணுப்பு என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அவை எப்பொருளைக் குறித்து எழுகின்றன என்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கதை நிகழ்ச்சி மாற்றப்பட்டது என்னும் குறை குறைவாகவும், கதை சொல்லும் குரலும் அக்கதை வாழும் இடமும் மாறிவிட்டன என்னும் குறை மிகுதியாகவும் இருத்தலே அது. வாசகர் பற்று என நாம் வழங்குவது பெரும்பாலும் இக்குரலின்மீதும் இடத்தின்மீதும் கொண்ட பற்றாகும். இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. அதனை நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்திலிருந்து நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி. அங்கிருந்து நோக்குவதற்குரிய காரணம் பின்னர்ப் புலப்படும்.

லாட் என்னும் பெயரால் அறியப்படும் முகமது நோர் காலிட் 1951 இல் பேராக் மாநிலத்தில் கோப்பெங் வட்டாரத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். அவருடைய ‘தி கம்போங் பாய்’ 1979 இல் பெரித்தா பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. வெளிவந்த சில மாதங்களிலேயே பல்லாயிரம் படிகள் விற்ற இந்நூல் பல பதிப்புகளையும் அயல்மொழிப் பெயர்ப்புகளையும் கண்டது. 2006 இல் அமெரிக்கப் பதிப்பும் வெளியாயிற்று.

நூலின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. வழக்கமான படக்கதைகளைப்போல் பக்கத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, பாத்திரங்களின் வாயருகே சொற்குமிழிகளை நிரப்பும் முறையை லாட் பெரிதும் கையாளவில்லை. பக்கம் முழுதும் கறுப்பு மையால் வரைந்த ஒரே காட்சி. அதனருகே கையெழுத்திலேயே அமைந்த சில வரிகள். மொழி ஆங்கிலம், ஆனால் மலாய்ச் சொற்கள் ஆங்காங்கே இயல்பாக வந்தமரும். கதை ‘நான்’ எனத் தன்மையிடத்தில் சொல்லப்படுகின்றது. பிறப்பு, தலைமுடி களையும் சடங்கு, குர்ஆன் ஓதக் கற்றல், ஆற்று விளையாட்டு, விருத்தசேதனம், ஈப்போ விடுதிப் பள்ளிக்குப் புறப்படுதல் என ஒரு சிறுவனின் வாழ்வு ஆரவாரமின்றி நகர்கின்றது. ஊர் எல்லையில் ஈயம் வாரும் பெருங்கப்பல் இரைந்துகொண்டே இருக்கின்றது. சிறுவன் புறப்படும் வேளையில் அவ்வூர் நிலத்தின்மீதே ஈய நிறுவனத்தின் கண் விழுந்துள்ளது என்பதை அறிகின்றோம். இழப்பைப் பற்றி நூலாசிரியர் புலம்பவில்லை, பேருரையும் ஆற்றவில்லை. காட்சியைக் காட்டி, இரண்டு வரி எழுதி நிறுத்திக்கொள்கிறார்.

இந்நூலைத் தழுவிய உயிரூட்டப்படத் தொடரின் முன்னோட்டப் பகுதி 14 பிப்ரவரி 1997 அன்று ஒளிபரப்பாயிற்று. முழுத் தொடர் 1999 முதல் அஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பில் இடம்பெற்றது. மொத்தம் 26 பகுதிகள். மலேசியக் கலைஞர்களுடன் அமெரிக்க, கனடிய நிறுவனங்கள் இணைந்து உழைத்தன. படங்களுக்கு அசைவூட்டும் பணியின் பெரும்பகுதி பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்தது. ஆங்கிலத்தில் உருவான இத்தொடர் மலேசியாவுக்கு வெளியே ஏறத்தாழ 60 நாடுகளில் ஒளிபரப்பப்பட்டது. பேய் குடியிருக்கும் ஆலமரத்தைப் பற்றிய ஒரு பகுதி 1999 இல் பிரான்சின் அன்னெசி உயிரூட்டப்பட விழாவில் பரிசு பெற்றது. மலேசிய உயிரூட்டப்படக் கலையின் தரத்தை உயர்த்திய தொடர் இது என்பதில் ஐயமில்லை.

அவ்வாறிருந்தும் உள்நாட்டுப் பார்வையாளரிடையே இரண்டு குறைகள் எழுந்தன. ஒன்று, அது ‘தி சிம்சன்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடரை நினைவூட்டுகின்றது என்பது. மற்றொன்று, பாத்திரங்களின் ஆங்கிலம் மலேசிய ஆங்கிலமாக ஒலிக்கவில்லை என்பது. ‘தி சிம்சன்ஸ்’ தொடரைப் படைத்த மேட் குரோனிங் லாட்டின் நூலை வெளிப்படையாகப் பாராட்டியவர் என்பதை இவ்விடத்தில் நினைத்தால் சற்றே நகைப்பும் தோன்றும்.

இவ்விரு குறைகளுக்கும் வேர் ஒன்றே எனக் கருதுகிறேன். நூலில் கதை சொல்பவன் வளர்ந்த மனிதன். தன் இளமையைத் திரும்பிப் பார்க்கிறான். அவனும் அச்சிறுவனும் ஒருவரே. தொலைக்காட்சியிலோ மாட் என்னும் சிறுவன் நம் கண்முன் ஓடியாடும் பாத்திரமாகிறான். அவனுக்குத் தந்தை, தாய், தங்கை, இரு தோழர், ஆசிரியை எனக் குடும்ப நகைச்சுவைத் தொடருக்கு வேண்டிய சுற்றம் அமைகின்றது. ஒவ்வொரு பகுதியும் ஒரு சிக்கலில் தொடங்கி அதன் தீர்வில் முடிதல் வேண்டும். இத்தகைய அமைப்பில் ‘நான்’ என்னும் சொல்லுக்கு இடமில்லை. ‘நான்’ நீங்கியவுடன் நினைவுகூர்தலும் நீங்குகின்றது. நூலில் இறுதிப் பக்கங்கள்வரை மறைந்திருந்து மெல்ல வெளிப்படும் பழமை, புதுமை முரண், தொடரில் முதற்பொருளாகவே முன்வைக்கப்படுகின்றது. வாசகர் தாமே உணர்ந்தது பார்வையாளருக்கு எடுத்துரைக்கப்படுகின்றது.

வேகமும் இதனோடு தொடர்புடையது. படக்கதையில் ஒரு பக்கத்தை எத்துணை நேரம் நோக்குவது என்பது வாசகரின் உரிமை. லாட்டின் நெரிசல் மிக்க காட்சிகளில் மூலையில் நிற்கும் கோழியைக்கூடத் தேடிக் கண்டு சிரிக்கலாம். தொலைக்காட்சி அவ்வுரிமையைத் தன் கையில் எடுத்துக்கொள்கின்றது. தொடரை உருவாக்கியவர்களின் பிழையன்று இது, ஊடகத்தின் இயல்பு.

மற்றொரு செய்தியும் மறைத்தற்குரியதன்று. தொடரின் ஆக்கத்தில் லாட் தாமே பங்குகொண்டார். கிராம வாழ்வின் அருமையைத் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் விருப்பமே அதற்குத் தூண்டுதலாயிற்று. எனவே நூலின்மீது பற்றுக்கொண்ட வாசகர், அந்நூலைப் படைத்தவரோடேயே மாறுபட நேர்கின்றது. படைப்பாளர்க்கு விசுவாசமாயிருத்தல் வேறு. படைப்பிற்கு விசுவாசமாயிருத்தல் வேறு.

ஐரோப்பாவில் இதனையொத்த வழக்கொன்று உண்டு. எர்ஜே வரைந்த ‘டின்டின்’ கதைகளைப் பெல்விஷன் நிறுவனம் 1950களின் இறுதியிலிருந்து தொலைக்காட்சிக்கு ஆக்கியபோது கதைகளைப் பெரிதும் மாற்றியது. அம்மாற்றங்களை வாசகர்கள் நெடுங்காலம் குறை கூறினர். 1991 இல் தொடங்கிய பிரெஞ்சு, கனடியக் கூட்டுத் தொடர் மூல நூல்களின் காட்சிகளையே பெரும்பாலும் பின்பற்றியது, வாசகரும் அமைதியுற்றனர். அங்கே மூலத்தைப் பின்பற்றுதல் இயன்றதற்குக் காரணம், டின்டின் கதைகள் தொடக்கம் முதலே துரத்தலும் துப்பறிதலுமாகத் திரைக்கு ஏற்ற ஓட்டம் உடையவை என்பதாகும். லாட்டின் நூலை அவ்வாறு பக்கத்துக்குப் பக்கம் பின்பற்றினால் ஒருமணி நேர நினைவோடை ஒன்று கிட்டலாம். 26 பகுதிகள் கிட்டா.

இனி, தோட்டப்புறத்திற்கு வருவோம். ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரங்களின் லயங்களில் வளர்ந்த தலைமுறைக்குப் படக்கதை என்றால் அது தமிழகத்திலிருந்து வந்த படக்கதையே. முத்து காமிக்ஸ் 1972 இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிற்று, 1984 இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. இவ்விதழ்கள் ஒரு வீட்டில் வாங்கப்பட்டால் லயம் முழுதும் கைமாறி, அட்டை கிழிந்து, இறுதிப் பக்கம் இல்லாமலே எங்கள் வீட்டை வந்தடையும். முடிவு தெரியாத மாயாவிக் கதைகளுக்கு நாங்களே முடிவு கட்டிக்கொண்டதுண்டு.

அந்த இரும்புக்கை மாயாவி உண்மையில் 1962 இல் ‘வேலியண்ட்’ என்னும் பிரித்தானிய வார இதழில் தோன்றியவன். ஸ்பானிய ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் உருவானவன். ஆயினும் தமிழ் வாசகரிடம் மூலம் எது என வினவினால் முத்து காமிக்ஸையே சுட்டுவர். அம்மொழிபெயர்ப்பின் ஒரு சொல்லை மாற்றி மறுபதிப்புச் செய்தாலும் மனம் ஒப்பாதவர் உளர். மூலம் என்பது காலத்தால் முந்தியது அன்று, நம் மொழியில் நம்மிடம் முதலில் பேசியதே மூலம் என்னும் உளவியல் உண்மையை இது காட்டுகின்றது. ‘கம்போங் பாய்’ தொடரின் ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுளித்த மலேசியரின் உணர்வும் இதன்பாற்பட்டதே. நூலும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த ஆங்கிலம் அவர்களுடையது.

ஆக, தோட்டச் சிறுவன் பற்றுக்கொண்ட படக்கதை நாயகர்கள் இலண்டனிலும் ஆப்பிரிக்கக் காட்டிலும் உலவினர். அவர்களுள் எவரும் பால்மரக் காட்டில் நடந்ததில்லை. இதனால் கெடுதி விளைந்தது என்று கூறமாட்டேன். கற்பனைக்கு எல்லை கட்டுதல் ஆசிரியப் பணியன்று. ஆனால் ஒப்பிட்டு நோக்க ஒரு தேவை எழுகின்றது. இதே நெகிரி செம்பிலானின் மினாங்கபாவ் மலாய்ச் சிறுவனுக்கு ஊஜாங் என்னும் இப்ராஹிம் அனோன் வரைந்த ‘ஆக்கு புடாக் மினாங்’ கிடைத்தது. அதே ஓவியரின் பாத்திரங்களைக் கொண்டு 1996 இல் வெளிவந்த ‘உசோப் சொந்தோரியான்’ நாட்டின் முதல் உயிரூட்டப்படத் தொலைக்காட்சித் தொடராயிற்று. வேலிக்கு அப்பாலுள்ள கிராமத்திற்கு வரையப்பட்ட இளமை ஒன்று உண்டு. வேலிக்கு இப்பாலுள்ள தோட்டத்திற்கு அதற்கு இணையாக வீடுதோறும் அறியப்பட்ட ஓவிய நூல் வாய்க்கவில்லை. 2007 இல் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ தொடரில் ராஜு, தேவி, முத்து முதலியோர் வருகின்றனர். குழந்தைகளின் அன்பையும் பெற்றுள்ளனர். எனினும் அவர்கள் கிராமத்தின் அண்டைவீட்டார். அவர்களுக்கெனத் தோட்டமோ, லயமோ அங்கில்லை.

நாவல்கள் இல்லையா என வினவலாம். உண்டு. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ முதல் அ. ரெங்கசாமியின் படைப்புகள்வரை தோட்ட வாழ்வைப் பேசும் எழுத்து வளமானது. 2015 இல் வெளிவந்த ‘ஜகாட்’ திரைப்படம் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனைத் திரையில் நிறுத்தியது. ஆனால் நாவல் வீட்டின் வடிவத்தை வாசகர் மனத்திற்கு விட்டுவிடும். ஓவியமோ கதவு எப்பக்கம் திறந்தது, வாளி எங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது என்பதை முடிவாகச் சொல்லிவிடும். லாட்டின் நூலைப் பற்றிப் பேராக்காரர் ஒருவர் ‘இதுதான் எங்கள் படிக்கட்டு’ என்று விரல் வைத்துக் காட்டலாம். நாம் எங்கே விரல் வைப்பது?

லாட்டின் நூலில் தோட்டச் சிறுவனை நிறுத்திவிடும் ஓரிடம் உண்டு. சிறுவனைத் தந்தை தம் ரப்பர் நிலத்திற்கு அழைத்துச் செல்கிறார். விடுதிப் பள்ளிக்குத் தேறினால் மேற்படிப்பும், பின்னாளில் இந்நிலமும் உனக்கே என்கிறார். அதே மரம்தான், அதே பால்தான். ஆனால் லயத்துச் சிறுவனின் தந்தை எந்த மரத்தையும் காட்டி ‘இது உனக்கு’ என்று சொல்ல இயலாது. நிரை தோட்டத்தினுடையது, வீடும் தோட்டத்தினுடையது, வேலை போனால் வீடும் போகும். இப்பக்கத்தை முதன்முதல் கண்டபோது நான் நெடுநேரம் புரட்டாமலிருந்தேன். தொலைக்காட்சியில் அது நொடியில் கடந்திருக்கும்.

செனவாங், செண்டாயான், நீலாய் எனத் தோட்ட நிலங்கள் தொழிற்பேட்டைகளாகவும் புதுநகர்களாகவும் மாறிவிட்டன. தோட்டம் நகரான பின்பும் செனவாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்றவை தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அங்குப் பயிலும் மாணவருள் பெரும்பாலோர் பால்மரம் வெட்டுதலைக் கண்டிரார். அவர்களிடம் பெரட்டு, நிரை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை என்னும் சொற்களைக் கூறினால் பொருள் விளக்கவேண்டியுள்ளது. அகராதிப் பொருள் கூறுவது எளிது. காண்டாவின் இரு முனைகளிலும் பால்வாளி தொங்க, ஒரு பெண் மேட்டில் ஏறும்பொழுது தோள் எவ்வாறு சாய்ந்தது என்பதை அகராதி கூறாது, கோடு கூறும்.

எனவே தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கத் தோன்றுகிறது. ‘கம்போங் பாய்’ நூலின் சில பக்கங்களையும் தொடரின் ஒரு பகுதியையும் மாணவர்முன் அருகருகே வைத்து, எது போயிற்று, எது வந்தது எனக் கண்டறியச் செய்யலாம். அதன்பின் வீட்டு முதியவரிடம் கேட்டுத் தோட்டத்தின் ஒரு நாளை ஒரே பக்கத்தில் வரைந்துவரச் சொல்லலாம். கைவண்ணம் சிறக்கவேண்டுவதில்லை. வரிகள் முதியவர் பேசிய தமிழிலேயே இருத்தல் போதும். ‘இரப்பர்ப்பால் சேகரிக்கும் கிண்ணம்’ எனத் திருத்தி எழுதாமல் ‘மங்கு’ என்றே விட்டுவிடவேண்டும். இத்தகைய திருத்தங்களை நல்லெண்ணத்துடன் செய்துவிடுவது நம் தொழிற்பழக்கம். அயல்நாட்டுச் சந்தைக்காக மாட்டின் நாவைத் திருத்தியவர்களும் நல்லெண்ணம் உடையவர்களே.

தோட்டக் கதை ஒன்று நாளை வரையப்பட்டு, பின்னர்த் தொலைக்காட்சிக்கும் சென்றால், முதற்சண்டை பெரும்பாலும் விடியற்காலைப் பெரட்டு மணியைப் பற்றியதாகவே இருக்கும். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடித்த அவ்வொலியை எவ்வெழுத்துகளால் எழுதுவது என்பதில் லாபு தோட்டத்தாரும் ரந்தாவ் தோட்டத்தாரும் எளிதில் உடன்படமாட்டார்கள்.