நிரல் சரி, கம்பைலர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

நேற்று வரை ஒழுங்காக ஓடிய, ரஸ்ட் மொழியில் எழுதிய நிரல். நீங்கள் மாற்றியது ஒரே வரி. இன்று கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கருவி) உங்கள் வரியைக் குறை சொல்லாமல், தனக்குள்ளேயே ஏதோ உடைந்துவிட்டது என்று புலம்பி நின்றுவிடுகிறது.

எதைச் சந்தேகப்படுவது? முதலில் கேஷை (முன்பு செய்த வேலையின் சேமிப்பு). மாறாத பகுதிகளை மறுபடி கம்பைல் செய்யாமலிருக்க, அவற்றின் விடைகள் ‘டார்கெட்’ ஃபோல்டரில் இருக்கும். எது மாறியது என்ற கணக்கு தப்பினால், பழைய விடை புது நிரலில் புகுந்துவிடும்.

கம்பைலரே கணக்கில் தப்புமா? தப்பியிருக்கிறது. 2021 மே மாதம் வந்த 1.52 பதிப்பு இந்தச் சேமிப்பைச் சரிபார்க்கத் தொடங்கியதும் பலருக்குப் பிழைச்செய்திகள் கொட்டின. கோளாறு பழையதுதான், அதுவரை வாய் திறக்காமல் இருந்தது. நான்கே நாளில் 1.52.1 வந்து, அந்தச் சேமிப்பு வசதியையே தற்காலிகமாக அணைத்தது.

கேஷ்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கார்கோவின் (ரஸ்ட் நிரல்களைக் கட்டும் கருவி) ‘கார்கோ பில்ட்’ கட்டளையோடு ‘ரிலீஸ்’ தேர்வைச் சேர்த்து ஓட்டுங்கள். அதற்குத் தனி ஃபோல்டர். பகுதி பகுதியாகச் சேமிக்கும் முறையும் அதில் வழக்கமாகக் கிடையாது. அது தேறி, சாதாரண பில்ட் மட்டும் விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பிறகு, புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று ‘கார்கோ கிளீன்’ கொடுங்கள். என் நிரல் போய்விடுமா? போகாது. அழிவது டார்கெட் ஃபோல்டர் மட்டுமே. ‘கார்கோ லாக்’ ஃபைல் அப்படியே இருப்பதால் நூலகங்களின் பதிப்புகள் மாறாது. இறக்கி வைத்த நூலகங்கள் வேறிடத்தில் இருப்பதால் டேட்டாவும் செலவாகாது. செலவாவது நேரம்தான்: அடுத்த பில்ட் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யும். பெரிய புராஜெக்ட் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். அவ்வளவு பொறுமை இல்லையா? டார்கெட்டுக்குள் ‘டீபக்’, அதற்குள் ‘இன்கிரிமென்டல்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் முதலில் அழித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

சுத்தம் செய்த பிறகும் அதே பிழையா? அப்படியானால் கேஷைப் பழிக்காதீர்கள். ‘ரஸ்ட்அப் அப்டேட்’ கொடுத்துக் கம்பைலரைப் புதுப்பியுங்கள். அழித்தால் சரியாகி, சில நாளில் திரும்பத் திரும்ப வருகிறதா? ‘கார்கோ இன்கிரிமென்டல்’ என்ற சூழல் மாறியை (கருவிக்கு வெளியிலிருந்து சொல்லும் அமைப்பு) 0 ஆக்கி, அந்தச் சேமிப்பையே நிறுத்தி வையுங்கள். பில்ட் மெதுவாகும், ஆனால் நம்பலாம்.

எதையும் அழிக்கும் முன் பிழைச்செய்தியை முழுதாக நகலெடுத்து வையுங்கள். கேஷ் போன பிறகு அதே பிழையை மறுபடி வரவழைப்பது கடினம். கம்பைலரைத் திருத்துபவர்களுக்கு அந்தச் செய்திதான் தேவை.