மங்கிப்போன படகை மீண்டும் பளபளப்பாக்குதல்

பல வருடங்கள் வெயிலிலும் மழையிலும் கரையில் கிடந்த பைபர் கிளாஸ் படகு, சுண்ணாம்பு பூசியது போல வெளிறி இருக்கும். கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். அதைப் பார்த்து "இனி இது உதவாது" என்று கைவிட்டுவிடாதீர்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் உடனே தீந்தைக்குச் செலவழித்துவிடவும் வேண்டாம். அநேகமான படகுகளில் மேற்பூச்சு மட்டுமே மங்கியிருக்கும். அதைக் குறைந்த செலவில் நீங்களே சரிசெய்யலாம்.

தொடுவதற்கு முன்னர்

படகு கிடக்கும் இடமும் அதற்குச் செல்லும் வழியும் கண்ணிவெடி அகற்றப்பட்டு அனுமதிக்கப்பட்டவைதானா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். படகின் உள்ளேயோ அடியிலோ சந்தேகமான பொருள் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், படகையும் அசைக்காதீர்கள். வந்த வழியாலேயே திரும்பிச் சென்று அறிவியுங்கள்.

அடுத்து, படகின் பதிவு இலக்கத்தைத் தேடுங்கள். தேய்க்கத் தொடங்கும் முன்னரே அதைக் கொப்பியில் எழுதி, முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள். கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின்படி (1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம்) மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த ஒருவருக்கு, படகில் மங்கலாகத் தெரியும் அந்த இலக்கமே சில வேளைகளில் எஞ்சியிருக்கும் அத்தாட்சியாகும். படகு உங்களுடையது அல்லவென்றால் இலக்கத்தை அழிக்கவோ அதன் மேல் தீந்தை பூசவோ வேண்டாம். உரியவர் இன்னும் ஊர் திரும்பாமல் இருக்கலாம். கடற்றொழில் பரிசோதகருக்கோ உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ அறிவியுங்கள்.

பளபளப்பை விட உறுதி முக்கியம்

மரக் கைபிடியொன்றால் படகின் உடலை இடைவெளி விடாமல் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் "டக்" என்று இறுக்கமான ஒலி கேட்கும். ஒலி மந்தமாக இருந்தால், உள்ளே பைபர் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். இயந்திரம் பூட்டும் பின்பலகையை அழுத்திப் பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் பலகை ஊறி உக்கியிருந்தால் இயந்திரம் ஓடும்போது பிளந்துவிடும். துளை, ஆழமான வெடிப்பு, நார் வெளியே தெரியும் இடம் ஆகியவற்றை முதலில் பைபர் வேலை தெரிந்தவரைக் கொண்டு அடையுங்கள். ஓட்டையை மூடிப் பூசிய தீந்தை கரையில் அழகாகத் தெரியும், கடலில் உயிரைக் காக்காது.

எந்த அளவு மங்கியிருக்கிறது?

வெயில் மேற்பூச்சின் பசைத்தன்மையை மெல்ல மெல்ல அழித்துவிடும். பிடிமானம் இழந்த நிறத்தூளே உங்கள் கையில் ஒட்டுகிறது. படகை நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி உப்பையும் பாசியையும் நீக்குங்கள். ஒட்டியிருக்கும் சிப்பிகளை மரத் துண்டால் சுரண்டி எடுங்கள். காய்ந்த பின் ஓரிடத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது பழைய நிறம் திரும்பி வந்தால் அடியில் நல்ல பூச்சு இருக்கிறது, தேய்த்தாலே போதும். நனைத்தும் நிறம் வராவிட்டால், அல்லது பூச்சு செதிலாக உரிந்தால், புதிதாகத் தீந்தை பூச வேண்டும்.

தேய்த்துப் பளபளப்பாக்குதல்

1. வாகனத் தீந்தை விற்கும் கடைகளில் ரபிங் கொம்பவுண்ட் வாங்கலாம். இரண்டடிச் சதுரமாகப் பிரித்து, மென்மையான துணியால் வட்டமாகத் தேய்த்துத் துடையுங்கள். நிழலில் செய்யுங்கள், வெயிலில் கொம்பவுண்ட் காய்ந்து இறுகிவிடும்.
2. அதனால் போதிய பலன் இல்லையெனில், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் அரத்தாளைப் பாவியுங்கள். 600ஆம் இலக்கத்தில் தொடங்கி 800, 1000, 1200 என்று போங்கள். இலக்கம் கூடக்கூட அரத்தாள் மிருதுவாகும். அதன் பின் மீண்டும் கொம்பவுண்ட் போடுங்கள்.
3. மேற்பூச்சு மிக மெல்லியது. வேறு நிறமோ நாரோ தெரியத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.
4. கடைசியாக மெழுகு பூசித் துணியால் மினுக்குங்கள். பளபளப்பு நிலைக்க உதவுவது மெழுகுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள்.

தீந்தை பூசுவதாயின்

தீந்தை பூசப்போகும் படகுக்கு மெழுகு போடாதீர்கள். மெழுகின் மேல் தீந்தை பிடிக்காது. உரியும் பூச்சு முழுவதையும் நீக்கி, 220ஆம் இலக்க அரத்தாளால் சீராகத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். முதலில் அடிப்பூச்சு, பின்னர் தீந்தை. தடிப்பாக ஒரு தரம் பூசுவதை விட மெல்லியதாக இரண்டு தரம் பூசுவது நீடிக்கும். பழைய தீந்தை என்ன வகை என்று தெரியாவிட்டால், புதியதை ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் பூசி ஒரு நாள் விடுங்கள். அது சுருங்கினாலோ கிளம்பினாலோ இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பூசி முடியுங்கள். சோளகக் காற்று வீசும் நாட்களில் மணல் பறந்து ஈரத் தீந்தையில் ஒட்டும். வேலி மறைவிலோ கிடுகு மறைப்பிலோ வேலை செய்யுங்கள். எல்லாம் காய்ந்ததும் பதிவு இலக்கத்தை முன்பிருந்த இடத்தில் தெளிவாக எழுதுங்கள்.

உங்கள் பாதுகாப்புக்கு

• பழைய தீந்தைத் தூள் நஞ்சாக இருக்கலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சிறுவர்களை அருகே விடாதீர்கள். கிணற்றடியில் வைத்துத் தேய்க்காதீர்கள்.
• தின்னர் எளிதில் தீப்பற்றும். அருகில் பீடி, சிகரெட், அடுப்பு இருக்கக்கூடாது.
• தின்னரையோ பைபர் வேலைக்கான திரவங்களையோ சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.
• கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடங்கள் சுத்தமான தண்ணீரால் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பணம் மட்டாக இருந்தால் இந்த ஒழுங்கில் செலவிடுங்கள்: முதலில் ஓட்டையும் பின்பலகையும், அடுத்து இலக்கம், அதன் பின் நிறம். தெளிவான நிறத்தில் உள்ள படகை, ஆபத்து வேளையில் மற்றப் படகுக்காரர் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள். அதற்காகவேனும் பளபளப்பையும் விட்டுவிடாதீர்கள்.