எந்தப் பெடலுக்கு எந்த பேட்டரி?

கிட்டார் பெடலானாலும் சரி, அகூஸ்டிக் கிட்டாருக்குள் இருக்கும் பிரிஆம்ப் ஆனாலும் சரி, பெரும்பாலும் உள்ளே போவது அதே செவ்வகக்கட்டை 9 வோல்ட் பேட்டரிதான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளிருக்கும் வேதியியல் வேறு வேறு. ‘ஹெவி டியூட்டி’ என்று அச்சிட்டு மலிவாக விற்பது துத்தநாக-கார்பன் வகை. கொள்ளளவு ஏறக்குறைய 400 மில்லியாம்பியர்-மணி. அல்கலைன் 550 வரை தரும். ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் 1,200ஐத் தொடும், விலையும் அப்படியே.

முதலில் பார்க்கவேண்டியது பெடல் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதை. சாதாரண ஓவர்டிரைவ் 5 மில்லியாம்பியர் அளவில் திருப்தியடைந்துவிடும்; ஒரு அல்கலைன் நூறு மணி நேரம் ஓடும். டிஜிட்டல் டிலே 60 கேட்கும். கணக்கில் ஒன்பது மணி நேரம் வந்தாலும், வேகமாக இழுத்தால் பேட்டரி முழுக் கொள்ளளவைத் தராது. அதற்கு அடாப்டர்தான் சரி.

ஒலியை உடைக்கும் ஃபஸ் பெடலின் கதை தனி. 1966இல் லண்டனில் பிறந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் அசல் வடிவில் இருப்பவை இரண்டே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அதற்கு மலிவான துத்தநாக-கார்பன் பேட்டரிதான் இனிமை என்று பல கலைஞர்கள் சத்தியம் செய்வார்கள். அந்தப் பேட்டரியின் அக மின்தடை சுமார் 35 ஓம், அல்கலைனில் 2 ஓம்தான் என்பது காரணமாகச் சொல்லப்படும். ஆனால் ஃபஸ் ஃபேஸ் இழுப்பதோ ஒரு மில்லியாம்பியர் அளவு. 35 ஓமில் அது இழக்கும் மின்னழுத்தம் 0.035 வோல்ட், காதுக்கு எட்டாது. உண்மையான மாற்றம் பேட்டரி தேயும்போது வருகிறது. மின்னழுத்தம் 8க்குக் கீழே இறங்க, டிரான்சிஸ்டர்கள் நிற்கும் இயக்கப்புள்ளி நகர்கிறது, ஒலி உடையும் விதமே மாறுகிறது. பாதி தீர்ந்த பேட்டரியைத் தேடிப் போடுபவர்களின் காது பொய் சொல்லவில்லை.

அகூஸ்டிக் கிட்டாரில் இதே தேய்மானம் எதிரி. பிரிட்ஜில் சேடிலுக்கு அடியிலுள்ள பீஸோ பிக்கப், கம்பியை ஓங்கி மீட்டும் கணத்தில் கூர்மையான உச்சங்களை அனுப்பும். பிரிஆம்பின் ஒலியலை பேட்டரியின் 9 வோல்ட்டுக்குள்தான் ஏறி இறங்க முடியும். அது 7 ஆகிவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். இங்கே புதிய அல்கலைன் அல்லது லித்தியம் போடுவதே நல்லது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஏழு செல்களோடு பெயரளவில் 8.4 வோல்ட்தான் தருகிறது. கடைசிவரை சீராக ஓடி, பாட்டின் நடுவே திடீரெனச் சரியும். மேடைக்கு அதை நம்பமாட்டேன். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று பொதிந்த லித்தியம்-அயன் வகைகளில் அந்தச் சுற்றின் இரைச்சல் ஒலிக்குள் கசியலாம். வாங்குமுன் ஆம்பில் இணைத்துக் கேட்டுப் பாருங்கள்.

பெடலிலும் கிட்டாரிலும் பெரும்பாலும் ஜாக்தான் சுவிட்ச். கேபிளைச் செருகியிருக்கும்வரை, பெடலின் விளக்கு அணைந்திருந்தாலும், பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் வாசிக்காத கிட்டாரிலிருந்து பேட்டரியை எடுத்துவிட வேண்டும். அல்கலைனிலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கிளிப்பின் உலோகத்தை அரித்துவிடும்.