பொற்றலைக் கையாந்தகரை: இனங்காணலும் வளர்த்தலும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையில் பெரியகல்லாறு அமைந்துள்ளது. எழுவான்கரை ஊர்களில் வாழும் கமக்காரர் பலருக்கு வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்கும். காய்கறித் தோட்டமோ வீட்டு வளவில் இருக்கும். வரம்பிலும் வளவிலும் படரக்கூடிய மஞ்சட்பூச் செடிகளுள் ஒன்று நல்ல மூலிகை. அதனை ஒத்த மற்றொன்று கடுங்களை. பூவை மட்டும் பார்த்து ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு நடுவோர்க்கு மருந்தும் தவறும்; நிலமும் பாழாகும். ஆதலின் நடுவதற்கு முன் இனங்காணல் இன்றியமையாதது.

மூலிகையின் சிறப்பு

பொற்றலைக் கையாந்தகரை சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டார் இதனை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்பர். சிங்களத்தில் ரன்வன் கீகிரிந்திய எனப்படும். வெள்ளைப்பூக் கையாந்தகரை இதற்கு உறவாயினும் வேறு இனமாகும். சித்த வைத்தியத்தில் ஈரல் நோய்க்கும் காமாலைக்கும் இம்மூலிகை வழங்கி வருகின்றது. இளந்தளிர் கீரையாகவும் உண்ணப்படும். இதிலுள்ள வெடெலோலாக்டோன் என்னும் பொருளின் அமைப்பை 1956 ஆம் ஆண்டில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர்.

இனங்காணல்

மூலிகையின் தண்டு நிலத்தில் படர்ந்து கணுக்களில் வேர்விடும். இலைகள் எதிரெதிராக அமைந்து, காம்பின்றியோ மிகக் குறுகிய காம்புடனோ இருக்கும். இலை நீண்டு ஒடுங்கியது, ஏறத்தாழ 2 முதல் 7 சதமமீற்றர் நீளமுடையது, பிளவில்லாதது. குறுமயிர் படிந்திருப்பதால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றை மஞ்சட்பூ மலரும்.

களைச்செடியும் அவ்வாறே படர்ந்து வேர்விடும். அவ்வாறே மஞ்சளாகப் பூக்கும். ஆயினும் அதன் இலை தடித்து, மேற்புறம் பளபளத்து, இருபக்கமும் பிளவுபட்டு மூன்று மடல்களாகத் தோன்றும். சில இலைகளில் பிளவு தெளிவாயிராது. ஆகையால் ஓரிலையைக் கொண்டு முடிவு செய்யாது, ஒரே கொடியின் பல இலைகளைப் பார்த்தல் வேண்டும்.

கடலோர மணலில் பற்றைகள்மீது ஏறிப் படரும் மற்றொரு மஞ்சட்பூச் செடியும் உண்டு. அதன் இலை முட்டை வடிவினது, தெளிவான காம்புடையது. அதுவும் இம்மூலிகையன்று.

களையால் விளையுங் கேடு

இக்களை வெப்பமண்டல அமெரிக்காவிற்கு உரியது; அழகுச் செடியாகப் பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. உலகின் மிகக் கொடிய ஆக்கிரமிப்பு இனங்கள் நூறனுள் ஒன்றாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனைக் குறித்துள்ளது. பாய் விரித்தாற்போல் மூடிப் பிற செடிகளை இது நெருக்கிவிடும். தென்சீனத்தில் இரண்டும் கலந்து பிறந்த கலப்பினமும் கண்டறியப்பட்டுள்ளது. எனவே மூலிகை வளர்க்கும் இடத்தருகே களையை அழகுக்காக விட்டுவைத்தலும் ஆகாது.

கணுவுள்ள சிறு துண்டும் வேர்விடும் இயல்புடையது. களையை வெட்டி வாய்க்காலில் எறிந்தால் நீர் அதனைக் கீழ்வயல்களுக்குக் கொண்டு சேர்க்கும். வேருடன் கிளறி எடுத்து, துண்டுகளையும் பொறுக்கி, கடும் வெயிலில் முற்றாக உலர்த்தி எரித்தல் வேண்டும். பின்னர் தளிர்ப்பனவற்றையும் உடனுக்குடன் பிடுங்குதல் வேண்டும்.

நடுகையும் பராமரிப்பும்

மூலிகைக்கு ஈரமும் நன்னீரும் வேண்டும். உவர்நீர் ஏறும் வாவியோரம் ஏற்றதன்று. கிணற்றடியில் கழிநீர் தேங்காத இடமும், தென்னையின் மென்னிழலும் தக்கவை. மணல் வளவாயின் உக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் தாராளமாகக் கலந்து பாத்தி அமைத்தல் நன்று.

மூன்று நான்கு கணுக்களுள்ள தண்டுத் துண்டுகளை ஐப்பசி மழை தொடங்கியதும் நடலாம். இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்கவேண்டும். இடைவெளி ஓரடி போதும். மார்கழி வெள்ளம் நில்லாதவாறு பாத்தி உயர்ந்திருத்தல் நலம். கோடையில் மண் காயாது நீர் ஊற்றுதல் வேண்டும். கொடிகள் தரையை மூடியபின், வேரைப் பறிக்காது இளந்தண்டுகளை மட்டும் கொய்தால் செடி மீண்டும் தளிர்க்கும்.

எச்சரிக்கை

களைநாசினி தெளிக்கப்பட்ட வரம்பிலிருந்து கீரைக்கோ மருந்துக்கோ இதனைப் பறித்தல் ஆகாது. ஐயமுள்ள செடியை இலை, பூ, வேர் ஆகியவற்றுடன் விவசாயப் போதனாசிரியரிடமோ சித்த வைத்தியரிடமோ காட்டித் தெளிதல் வேண்டும். காமாலை கண்டவர் கீரையை நம்பிக் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுதலே முறை. நன்கறிந்த செடியிலிருந்து பெற்ற ஒரு பிடித் தண்டே ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பாத்தியைத் தரும். அறியாது கொண்டுவரும் ஒரு துண்டு களையோ ஒரு வட்டை முழுவதற்கும் தொல்லையாய் முடியும்.