உங்களுக்குத் தெரியுமா? டியூரரின் வீரனை உங்கள் விளையாட்டிலும் இறக்கலாம்!
பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் 'ரோல்பிளேயிங்' விளையாட்டுக்குப் புத்தகம் தயாரிக்கிறீர்கள். ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லையா? 1513இல் ஆல்பிரெக்ட் டியூரர் செப்புத்தகட்டில் செதுக்கிய 'வீரன், மரணம், சாத்தான்' படத்தைப் பாருங்கள். குதிரைமேல் கவச வீரன், அருகே மணற்கடிகாரத்தை நீட்டும் மரணம், பின்னால் பன்றிமூக்குச் சாத்தான். ஒரு சாகசக் கதைக்கு வேறென்ன வேண்டும்! காப்புரிமை இல்லாத இத்தகைய படைப்புகளின் படங்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. விற்பனைப் புத்தகத்திலும் தாராளமாகப் போடலாம்.

எழுத்துருவா? 17ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு ஆயர் ஜான் ஃபெல் சேர்த்த அச்செழுத்துகளை இத்தாலியரான இகினோ மரீனி கணினிக்கு மாற்றி இலவசமாகத் தந்திருக்கிறார். வாள், கேடயம், மருந்துக்குப்பி போன்ற சின்னங்கள் கேம்-ஐகான்ஸ் தளத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டாக வேண்டும்; அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.